ஒரு சாண் ஏற்றம், ஒரு சாண் இறக்கம்

வெயில் ஏறிய பிறகு வெண்கண்டலின் இலையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பச்சைப் பளபளப்பின் மேல் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னஞ்சிறு பரல்கள் மின்னும். அத்தனையும் உப்பு. கடல்நீர் கலந்த சேற்றில் நின்றுகொண்டு இந்த மரம் தண்ணீர் குடிக்கிறது. உப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை வேரிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி உள்ளே வந்ததை இலைவரை கொண்டுபோய், அங்கிருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு பரலாகத் தங்குகிறது. இலையைத் திருப்பினால் அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த வெண்மை முழுக்கக் குட்டி மயிர்கள் எனத் தெரியும். சுரந்த உப்புத்துளி இலைத்தோலில் ஒட்டிவிடாமல் அந்த மயிர்களின் மேலேயே தங்கும். பகலில் காய்ந்த உப்பு இரவின் ஈரத்தில் கரையும், மழையில் கழுவிப் போகும், அடுத்த வெயிலில் மறுபடி பூக்கும்.

இதைப் பார்க்கப் பிச்சாவரத்துக் கண்டல் காடுவரை போக வேண்டியதில்லை. சென்னைக்குள்ளேயே, ராஜா அண்ணாமலைபுரத்தில் பார்க்கலாம். அடையாற்றின் கழிமுகத்திலிருந்து பிரிந்து வடக்கே ஏறி, குயிபிள் தீவைச் சுற்றி வளையும் ஓர் உப்போடை அங்கே இருக்கிறது. அதன் ஒரு பகுதியில், 58 ஏக்கரில், 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது தொல்காப்பியப் பூங்கா. அடையாறு பூங்கா என்றே பலரும் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் நீர்ப்பரப்பு. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் இடம் ஒதுக்கும் வழக்கமான நகரப் பூங்காவாக இதைத் திட்டமிடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, ஓர் ஓடைக்கரை எப்படி உயிர் வாழ்கிறது என்று கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே அமைத்தார்கள்.

அந்தப் பாடத்தில் என்னை மயக்குவது ஒரே ஒரு விஷயம். இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது உயரம். மலையின் உயரம், மரத்தின் உயரம் போன்ற பெரிய கணக்குகள் இங்கே செல்லாது. ஒரு சாண், இரண்டு விரற்கடை என்ற கணக்கில்தான் ஓடைக்கரை தன் குடிமக்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறது.

சென்னைக் கடலில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இருப்பது ஒரு மீட்டர் அளவுதான். அஷ்டமியை நெருங்கும்போது அதுவும் பாதிக்குக் குறையும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. அதோடு ஒப்பிட்டால் நம் கடல் மூச்சு விடுவதே தெரியாது. இந்தச் சிறிய ஏற்றமும் ஆற்றின் வாயைக் கடந்து, கழிமுகத்தைக் கடந்து, சாலைக்கு அடியில் நுழைந்து பூங்காவுக்குள் வருவதற்குள் இன்னும் தணிந்துவிடுகிறது. கைக்கு எஞ்சுவது ஒரு சாண் போல. அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு இயற்கை இங்கே ஒரு முழு ஊரையே குடியமர்த்தியிருக்கிறது.

நீரின் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி மெல்ல ஏறிப் பாருங்கள். முதலில் வெறும் சேறு, நாளுக்கு இருமுறை மூழ்குவது. அதற்கு அடுத்து வெண்கண்டல் தொடங்குகிறது. மரத்தைச் சுற்றி, பென்சில் உயரத்துக்கு நூற்றுக்கணக்கான குச்சிகள் சேற்றிலிருந்து நேர்மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவை மூச்சுவேர்கள். கழிச்சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே கிடைவேரிலிருந்து கிளைகள் வானை நோக்கித் திரும்பி, தங்கள் தோலிலுள்ள நுண்துளைகளால் காற்றை இழுத்துக் கீழே அனுப்புகின்றன. இந்த வேர்கள் எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பதையும் நீர்தான் சொல்கிறது. ஓதம் வற்றும்போது நுனி வெளியே தலைகாட்டினால் போதும், மரம் பிழைத்துக்கொள்ளும். வற்றாமல் நாட்கணக்கில் நீர் தேங்கி நின்றால், எத்தனை பெரிய மரமும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கண்டல் காடு தண்ணீரில் வாழ்கிறது என்று நாம் நினைக்கிறோம். தண்ணீர் விலகிப் போகும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அது வாழ்கிறது.

இன்னும் இரண்டு விரற்கடை ஏறினால் கழுதைமுள்ளி. முனை தோறும் முள் வைத்த விறைப்பான இலை, அதன் நடுவே நீலமும் ஊதாவும் கலந்த பூ. பூவை அருகில் பார்க்க வேண்டும். பல பூக்களுக்கு மேல் உதடு, கீழ் உதடு என இரண்டு உண்டு. இதற்குக் கீழ் உதடு மட்டும்தான். அகன்ற ஒற்றை இதழாக அது வெளியே மடிந்து நிற்கிறது, வரும் வண்டுக்கு இறங்கு மேடையாக. மேல் உதடு இல்லாத இடத்தில் மகரந்தத்தாள்கள் தடித்து வளைந்து, இறங்கிய வண்டின் முதுகைத் தொடும்படி காத்திருக்கின்றன.

அதற்கும் மேலே, பெரிய ஓதங்கள் மட்டுமே எட்டும் மட்டத்தில், உமரி. நீர் எட்டாத நாட்களில் வெயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உப்பை மட்டும் விட்டுச் செல்லும். ஆகவே ஓடையை விட்டு விலகினாலும் இங்கே மண்ணில் உப்பு கூடுதல். உமரி தன் இலையையே தடித்த நீர்ப்பையாக்கி, உள்ளே வந்த உப்பை அதில் அடைத்து வைத்துக்கொள்கிறது. கோடை முற்ற முற்ற அந்தப் பச்சை, சிவப்புக்கும் ஊதாவுக்கும் மாறும். தூரத்திலிருந்து பார்த்தால் கரையோரம் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டை அளவெடுத்தால் அது அநேகமாக ஒரே மட்டத்தில் இருக்கும். நிலத்தின் உயரத்தை ஒரு கீரைச்செடி வரைந்து காட்டுகிறது.

மேட்டுக்கு வந்துவிட்டால் தாழை, பூவரசு, புன்னை. ஓதம் இவற்றின் அடியைத் தொடுவதில்லை, ஆனால் காற்றில் உப்பு வரும். பூவரசின் பூ காலையில் மஞ்சள், நடுவில் அடர்ந்த செம்மறு. பொழுது சாயச் சாய மஞ்சள் வெளுத்து, செம்மையேறி, ரோஜா ஊதாவாகச் சுருங்கும். ஒரே கிளையில் அன்றைய பூவும் முந்திய நாள் பூவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், எது எப்போது மலர்ந்தது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். புன்னை இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்தால், நடு நரம்பிலிருந்து விளிம்புவரை நெருக்கி நெருக்கி ஓடும் இணைகோடுகள் தெரியும். இந்த இரண்டின் காய்களும் நீரில் மிதக்கக்கூடியவை. கடற்கரை மரத்துக்கு அதுதான் ஊர் விட்டு ஊர் போகும் வண்டி.

வெண்கண்டலின் காய்க்கு இதைவிட நுட்பமான பயணம். அதன் விதை மரத்திலேயே முளைத்துவிடுகிறது. காய்த்தோலுக்குள் இரண்டு தடித்த வித்திலைகள் மடிந்து கிடக்க, நடுவே குட்டி வேர் தயாராக இருக்கும். நீரில் விழுந்ததும் தோல் ஊறிக் கழன்றுவிடும். வித்திலைகள் விரியும். பெரிய ஓதம் அதை மிதக்கவிட்டு மேலே கொண்டுபோய்ச் சேற்றில் ஒதுக்கும். அதற்குப் பிறகு தேவைப்படுவது அமைதி. அலை வந்து புரட்டாத சில நாட்கள் கிடைத்தால்தான் வேர் இறங்கிப் பிடிக்கும். பௌர்ணமியன்று ஏறிய நீர், அஷ்டமியை நோக்கி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது அல்லவா? மேல்மட்டத்தில் ஒதுங்கிய விதைக்கு அந்த இடைவெளிதான் கிடைக்கும் அவகாசம். அடுத்த அமாவாசை ஓதம் வருவதற்குள் அது ஊன்றிக்கொள்ள வேண்டும். இரண்டு விரற்கடை தாழ்வாக ஒதுங்கிய விதைக்கு அந்த அவகாசம் கிடைக்காது. நிலவின் நாட்கணக்கும் சேற்றின் மட்டமும் சரியாகச் சந்திக்கும் கோட்டில் மட்டும் கன்றுகள் வரிசையாக எழுகின்றன. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தணியவில்லை.

இந்த இடத்தைச் சீர்செய்தவர்களின் வேலையை இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். பூங்காவாகும் முன் இந்த ஓடை கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாகக் கிடந்தது. மேலே சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிகுளம் காட்டுயிர்ச் சூழல் வல்லுநர்கள் திட்டம் வகுத்தார்கள். அடையாறு பூங்காவுக்காக அரசு அமைத்த அறக்கட்டளை பின்னாளில் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையாக விரிந்து, கழிமுகம் வரையிலான இன்னொரு 300 ஏக்கரையும் கையில் எடுத்தது. நட்ட மரங்களின் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர்கள் தோண்டியதும் ஒதுக்கியதும்தான். கொட்டிய இடிபாட்டை அள்ளி, நீர் போக வாய்க்கால் வெட்டி, சரிவைச் சீவி, நடுவே திட்டுகள் விட்டு, நிலத்தின் மட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓடைக்கரையில் கொட்டும் ஒரு லாரி இடிபாடு, அந்த இடத்தை ஒரு முழம் உயர்த்திவிடுகிறது. ஒரு முழம் உயர்ந்த இடத்துக்கு ஓதம் வராது. ஓதம் வராத இடம் கண்டலுக்கு அந்நிய நாடு. சீமைக்கருவேலம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மண்வெட்டியால் அந்த முழத்தை எடுத்துவிட்டால், பாதி வேலையைக் கடல் செய்துவிடும்.

பிச்சாவரத்தில் இதே உண்மையை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கண்டல் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து சுருங்கி, தொட்டிபோலப் பள்ளமாகத் தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, கன்று பிழைக்க முடியாத நிலம் ஆனது. ஊர்மக்கள் கண்டலை வெட்டுவதால்தான் காடு அழிகிறது என்றே நெடுங்காலம் பலரும் நம்பினார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தின் மட்டத்தை அளந்து பார்த்து, மீன் முள்ளின் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். தேங்கிய நீருக்கு வழி கிடைத்தது. வாய்க்காலின் சரிவில் கன்றுகளை நட்டார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. பள்ளமாகத் தாழ்ந்தாலும் சாவு, மேடாக உயர்ந்தாலும் சாவு. அந்த நடுமட்டத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கழிக்கரை வேளாண்மை.

இனி சேற்றுக்கு வருகிறேன், ஏனெனில் பார்வையாளர்கள் முகம் சுளித்துக்கொண்டு கடந்துபோகும் அந்தச் சேற்றில்தான் இந்த ஓடையின் அழகு முழுக்கத் திரண்டு கிடக்கிறது. மேலே ஒரு மெல்லிய பழுப்புத் தோல், சில மில்லிமீட்டர் கனம். அதன் அடியில் கறுப்பு. காற்று புகாத ஆழத்தில் சில நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் இல்லாமலே வாழக் கற்றவை. அவை கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, அழுகிய இலைகளைச் செரிக்கின்றன. வெளியாகும் கந்தகம் இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. அழுகிய முட்டை நாற்றமும் அதனால்தான். அந்த நாற்றத்தில் ஒரு பங்கு கழிக்கு இயல்பானது, மறுபங்கு நகரத்துச் சாக்கடையின் கொடை. இரண்டையும் மூக்கால் பிரித்தறிவது கடினம். ஆனால் சாக்கடை கலக்காத கழியிலும் சேறு கறுப்பாகவே இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சேறு அசுத்தம் என்ற எண்ணம் ஒருமுறை பதிந்துவிட்டால், அதை மூடி மேலே புல்தரை போட யாராவது வருவார்கள்.

மேலேயுள்ள பழுப்புத் தோலுக்கு ஒரு தனி வாழ்க்கை உண்டு. டயாட்டம் எனும் ஒற்றைச்செல் பாசிகள், சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழ்பவை. நீர் வற்றி வெயில் பட்டதும் இவை சேற்றின் துகள்களுக்கு இடையே ஊர்ந்து மேலே வருகின்றன. ஒளியில் உணவு சமைக்கின்றன. ஓதம் திரும்புவதற்குள் அடியில் இறங்கிப் பதுங்கிக்கொள்கின்றன. வற்றிய கொஞ்ச நேரத்தில் சேற்றின் நிறம் தங்கப் பழுப்பாக மாறுவது இதனால்தான். பொறுமையாக நின்றால் அந்த நிறமாற்றம் கண்ணெதிரே நடக்கும்.

அந்தத் தங்கப் பழுப்பைத் தின்னத்தான் பிடில் நண்டு வெளியே வருகிறது. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. சில இனங்களில் உடல் எடையில் பாதிக்கு நெருங்கும். அதை வைத்துச் சாப்பிட முடியாது. வாயருகே இருக்கும் சின்னக் கொடுக்கால் மட்டுமே சேற்றைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். இரண்டு சின்னக் கொடுக்குகள் உள்ள பெண், மாறி மாறி இரு கையாலும் அள்ளித் தின்கிறது. ஆண் அதே வயிற்றை ஒரு கையால் நிரப்ப வேண்டும். வாயின் உள்ளே மயிர்க்கற்றைகள் சேற்றை நீரில் அலசி, பாசியையும் நுண்ணுயிரையும் பிரித்தெடுக்கின்றன. சாரம் போன மண், சின்ன உருண்டையாகத் திரண்டு வாயின் கீழே தங்குகிறது. நண்டு அதைக் கிள்ளி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கிறது. ஓதம் வற்றி ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு வளையைச் சுற்றிலும் அந்த உருண்டைகள் புள்ளிக்கோலம்போல வரிசை வரிசையாகப் பரவியிருக்கும். வளையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை தூரம் போய் மேய்ந்தது, எங்கே அஞ்சித் திரும்பியது என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளில் தெரியும். அடுத்த ஏற்றம் அத்தனையையும் அழித்துவிடும். நண்டு மண்ணால் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே காத்திருக்கும்.

பெரிய கொடுக்கின் வேலை ஆட்டுவது. வளைவாசலில் நின்று அதை உயர்த்தி, விரித்து, இறக்கி, பெண்ணுக்கு அழைப்பும் அண்டை ஆணுக்கு எச்சரிக்கையும் விடுக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஆட்டும் தாளம் வேறு. ஒரு சேற்றுத்திட்டில் நூறு நண்டுகள் ஆட்டத் தொடங்கினால் தரையே அசைவதாகத் தோன்றும். யாராவது கையை உயர்த்தினால் ஒரே நொடியில் அத்தனையும் மறையும். பத்து நிமிடம் சிலையாக நின்றால்தான் முதல் கண்தண்டு மெல்ல எட்டிப் பார்க்கும். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பத்து நிமிடம் நிற்க வைப்பது எந்த ஆசிரியருக்கும் எளிதில்லை. இந்த நண்டு அதைச் செய்துவிடுகிறது.

வளையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு அழகு கிடைக்கும். சுற்றிலும் கறுப்புச் சேறு இருக்க, வளையின் சுவரை ஒட்டி மட்டும் செம்பழுப்பு வளையம் ஒன்று ஓடும். நண்டு தோண்டிய வழியில் காற்றும் நீரும் இறங்கி, அங்கிருக்கும் இரும்பைத் துருவாக்கியதன் தடம் அது. நூற்றுக்கணக்கான வளைகள் வழியே சேறு இப்படி மூச்சு வாங்குகிறது. கண்டல் வேர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நண்டு தன் பசிக்குத் தோண்டுகிறது, மரம் அதனால் வாழ்கிறது, மரத்தின் இலை விழுந்து மறுபடி நண்டுக்கு உணவாகிறது.

இதே சேற்றில் தாவும் உளுவை மீனைப் பார்க்கும் பேறும் கழிமுகத்தில் கிடைக்கும். மீனாகப் பிறந்து நிலத்தில் நடமாடுவது. முன் துடுப்புகளை ஊன்றி, கைத்தடியில் நடப்பவரைப் போல முன்னே நகரும். செவுள் அறையில் நீரை அடக்கிக்கொள்ளும். ஈரத் தோலாலும் மூச்சு விடும். கண்கள் தலையின் உச்சியில். காய்ந்துவிடாமல் இருக்க அவ்வப்போது கண்ணைக் குழிக்குள் இழுத்து நனைத்து மேலே விடும். 

பறவைகளைப் பற்றி எழுதினால் பட்டியலாகிவிடும், அதனால் கால்களை மட்டும் சொல்கிறேன். ஓடையில் எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்பதைக் கால் நீளம்தான் தீர்மானிக்கிறது. நெடுங்கால் உள்ளானின் ரோஜா நிறக் கால் ஒரு சாணுக்கு நெருங்கும், அது வயிறு நனையாமல் நடு நீரில் நடக்கும். சின்ன உள்ளான்கள் விளிம்பை விட்டு இறங்குவதில்லை. சின்னக்கொக்குக்குக் கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். ஆழமற்ற நீரில் ஒரு காலை நீட்டி, அந்த மஞ்சள் விரலைச் சேற்றில் நடுக்கி நடுக்கி, பதுங்கிய மீனைக் கிளப்பும். சங்குவளை நாரை கண்ணை நம்புவதில்லை. அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டுக்கொண்டே நடக்கும், மீன் அலகைத் தொட்ட கணத்தில் மூடிக்கொள்ளும். ஓதம் நான்கு விரல் ஏறினால் இந்தச் சபை முழுக்க இடம் மாறும். சின்னக் கால்கள் மேட்டுக்கு ஒதுங்கும், நெடுங்கால்கள் முன்னிருந்த சின்னக் கால்களின் இடத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மாசி, பங்குனிவரை வடதிசையிலிருந்து விருந்தாளிகள் வந்து தங்கும்போது இந்த இடமாற்றத்தைப் பார்ப்பது தனி இன்பம். கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு மட்டும் இந்தக் கால்கணக்கு தேவையில்லை. சிறகடித்தபடி காற்றில் ஒரே புள்ளியில் நின்று, தலையை அசைக்காமல் நீரைப் பார்த்து, நேராக விழும்.

ஆழம் இவ்வளவு குறைவாக இருப்பது ஒருமுறை நாட்டின் வரலாற்றையும் தொட்டிருக்கிறது. 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் பெரும்படையோடு அடையாற்றின் கரையில் நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பாராடிஸின் சிறு படை ஆற்றுக்குள் இறங்கி நடந்தே கடந்து தாக்கியது. கடக்க முடியாத ஆழம் அன்று இருந்திருந்தால் போரின் போக்கு எப்படி இருந்திருக்கும் என்று இங்கே நிற்கும்போது நினைக்கத் தோன்றும்.

பூங்காவுக்குள் என்ன நடந்தாலும் அதன் உயிர் பூங்காவுக்கு வெளியே, ஆற்றின் வாயில் இருக்கிறது. சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவரும் அடையாற்றில் மழைக்காலம் தவிர்த்து வேகம் இல்லை. கரையோரக் கடல் நீரோட்டம் மணலை இழுத்துவந்து வாயில் குவிக்கும். ஆற்றுக்குத் தள்ளிவிட வலு இல்லாததால் மணல்திட்டு வளர்ந்து, வாய் குறுகி, சில காலம் அடைத்தேவிடும். வாய் அடைபட்டால் ஓதம் உள்ளே வராது. உள்ளே வராவிட்டால், நான் இதுவரை சொன்ன அந்த ஒரு சாணும் இல்லை. சேறு வற்றாது, நண்டு மேயாது, மூச்சுவேர் தலைகாட்டாது, சாக்கடை நீர் மட்டும் தேங்கி நிற்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிடப்பட்டபோது இந்த ஆறு என்ன செய்யக்கூடியது என்று நகரம் கண்டது. அவ்வளவு வெள்ளம் அபூர்வம். மற்ற ஆண்டுகளில் இயந்திரங்களைக் கொண்டுவந்து மணலை அள்ளி வாயைத் திறக்கிறார்கள். கடலோரத்தில் மணல் வாரும் அந்த இயந்திரத்துக்கும் உள்ளே புதருக்கடியில் கொடுக்கு ஆட்டும் நண்டுக்கும் உள்ள உறவைப் பூங்காவுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடையைக் காப்பது என்றால் ஓடைக்கரையைப் பெருக்குவதோடு முடிவதில்லை என்று அப்போது விளங்கும்.

பெருக்குவதும் வேண்டும். ஓதம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுவேர்களின் காட்டில் பிளாஸ்டிக் உறைகள் சிக்கிக்கொள்கின்றன. வேரின் மேல் போர்வையாகக் கிடக்கும் ஒரு பை, அந்த வேரின் துளைகளை அடைக்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும், வேரை ஒடிக்காமல், சேற்றை மிதித்து வளைகளைத் தூர்க்காமல். சீமைக்கருவேலம் பறவை எச்சத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் விதை வந்து மறுபடி முளைக்கும். குட்டியாக இருக்கும்போதே பிடுங்கினால் வேரோடு வரும், ஒரு மழை விட்டுவிட்டால் கோடரி வேண்டும். இவற்றைச் செய்கிற தோட்டப் பணியாளர்களின் கைகளை நான் மதிக்கிறேன். எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று இரண்டு இலை விட்ட பருவத்திலேயே தெரிந்த கைகள் அவை.

பள்ளிக்கூடங்கள் இங்கே பிள்ளைகளை அழைத்துவரும்போது மரத்தின் பெயரையும் பறவையின் பெயரையும் எழுதவைத்து அனுப்புகின்றன. பெயர் தெரிவது நல்லதுதான். எனக்கு அதிகாரம் இருந்தால் முதலில் ஓர் அளவுகோலைத்தான் கொடுப்பேன். சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு கழியை விளிம்புச் சேற்றில் ஊன்றச் சொல்வேன். வந்ததும் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கட்டும், போகும்போது ஒருமுறை. இடையில் இரண்டு மணி நேரம் போயிருந்தால், நீர் நகர்ந்திருப்பதைத் தம் கையெழுத்திலேயே பார்ப்பார்கள். பிறகு உமரி எந்த மட்டத்தில் தொடங்குகிறது, நண்டு வளை எந்த மட்டத்தில் முடிகிறது என்று கயிறு கட்டிப் பார்க்கட்டும். சுரபுன்னை எனும் இன்னொரு கண்டல் மரத்தின் முளைவிதை ஒன்றைக் கையில் கொடுக்கலாம். சாண் முதல் முழம்வரை நீண்டு, மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிட்ட பச்சைத் தண்டு அது. எங்கே ஊன்றினால் பிழைக்கும் என்று அந்தக் கழியைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லட்டும். சரியான மட்டத்தைத் தாமாகத் தேர்ந்து நட்ட கன்று ஒன்றை அடுத்த ஆண்டு வந்து பார்க்கும் பிள்ளைக்குச் சூழலியல் பாடப்புத்தகம் வேறுவிதமாகப் படிக்கக் கிடைக்கும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே விடும் நாளும் நேரமும் நிர்வாகம் வகுத்தது, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் நாட்களில் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்துக்குக் கொடுத்திருக்கும் வற்ற நேரத்தைப் பாருங்கள். ஓடைக்குள் நீர் தாமதித்துத்தான் இறங்கும் என்பதால் அதற்குச் சற்றுப் பிந்தியே போய்ச் சேரலாம். கைக்கண்ணாடி ஒன்று, இருந்தால் இருநோக்கி ஒன்று. மழை ஓய்ந்த வாரத்தில் போனால் இலைமேல் உப்பு இருக்காது, ஆனால் கரையோரம் ஒதுங்கிய வெண்கண்டல் விதைகளை வித்திலை விரிந்த நிலையில் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் போனால் உமரி சிவந்திருக்கும்.